திரைக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு

எனக்குச் சத்தம் என்றாலே ஆகாது ஐயா. வீட்டில் மிக்ஸி ஓடினால்கூட மொட்டைமாடிக்குப் போய்விடுகிற ஆள் நான். அப்படிப்பட்டவனைக் கூப்பிட்டுத்தான் ஆஸ்பத்திரி மேலாளர், "கேள்வி கேக்குற ரூம்ல ஏதாவது சத்தம் போட்டு வைப்பா. ஆளுங்க மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டே பதில் சொல்றாங்க" என்றார். கம்ப்யூட்டர் பிரிவில் எள் என்றால் எண்ணெயாக நிற்பவன் நான்தான்.

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் ஒவ்வொருவரும் அந்த அறையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் பன்னிரண்டு கேள்விகளுக்குப் பதில் அழுத்த வேண்டும். ஏழாவது கேள்வி, 'இப்போது வலி இருக்கிறதா?' 'இருக்கிறது' என்று அழுத்தினால் டாக்டர் மறுபடி வந்து பார்க்க வேண்டும், கட்டில் காலியாகாது. நூற்றில் நாற்பது பேர் அதைத்தான் அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

முதலில் ஓடைச் சத்தம் போட்டேன். தலைவலி போய்த் திருகுவலி வந்தது. பாதிப் பேர் நடுவில் எழுந்து கழிவறைக்கு ஓடினார்கள். மீதிப் பேர் சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்து, போன வருஷத்து முழங்கால் வலியையும் நினைவுபடுத்திக்கொண்டு 'இருக்கிறது' என்றார்கள்.

அப்புறம்தான் யோசனை வந்தது. மனுஷர்கள் வலியைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள்; பின்னால் ஒருவரைக் காக்க வைக்கத்தான் கூசுவார்கள். காலையில் நான் குளியலறைக்குள் போனால் முக்கால் மணி நேரம். வெளியே என் மனைவி நிற்பாள். ஒருநாள் செல்போனைக் கதவோரம் வைத்துப் பதிவு செய்தேன். செருப்பைத் தேய்ப்பது, தொண்டையைச் செருமுவது, நடுநடுவே ஒரு நீளமான பெருமூச்சு. திட்டவே மாட்டாள், தங்கமான குணம். கேள்வி அறையில் நாற்காலிக்குப் பின்னால் ஒரு திரையைத் தொங்கவிட்டு, அதன் பின்னால் ஸ்பீக்கரை வைத்தேன். ஏழாவது கேள்வி வந்ததும் அந்தப் பதிவு ஓட ஆரம்பிக்கும்.

நாற்பது மூன்றாகக் குறைந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வார்டு நர்ஸ் மட்டும் சண்டைக்கு வந்தார்.

"கட்டில்ல வலி தாங்கலைன்னு அழறாங்க சார். அந்த ரூமுக்குள்ள போனா மட்டும் வலி இல்லேங்கிறாங்க."

"அப்ப எல்லாரையும் சீக்கிரமா அந்த ரூமுக்கு அனுப்புங்க சிஸ்டர்."

வீட்டுக்குப் போனவர்களில் இரண்டு பேர் தவறிப்போனது உண்மைதான். இருவரும் 'இல்லை' என்று தங்கள் கையால் அழுத்தியது கம்ப்யூட்டரில் பதிவாகி இருக்கிறது.

போன மாதம் என் மனைவிக்குப் பித்தப்பையில் ஆபரேஷன். கிளம்புகிற அன்று காலையில், "வலது பக்கம் சுருக்கு சுருக்குன்னு குத்துதுங்க" என்றாள்.

"கம்ப்யூட்டர் கேக்கும், அதுல சொல்லும்மா" என்றேன்.

அன்று மட்டும் ஸ்பீக்கரை அணைத்திருக்கலாமே என்பீர்கள். என் வீட்டுக்காரி என்று சலுகை காட்டினால், முன்னால் வந்தவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?

ஆட்டோவில் வரும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்: "வலி இன்னும் விடலைங்க. ஆனா எனக்குப் பின்னாடி யாரோ ஒரு அம்மா பெருமூச்சு விட்டுக்கிட்டே இருந்தாங்க. பாவம், எத்தனை நேரமா நிக்கிறாங்களோ. அதான் இல்லேன்னு அழுத்திட்டேன்."

அந்தப் பெருமூச்சு யாருடையது என்று நான் சொல்லவில்லை. ஆட்டோவைத் திருப்பச் சொல்லவும் இல்லை. திருப்பினால் அவள் பதிலை மாற்ற வேண்டி வரும். அந்த வாரம் 'இருக்கிறது' கணக்கு மூன்றுகூட இல்லாமல் பூஜ்யத்தில் நின்றுகொண்டிருந்தது.

மூன்றாம் நாள் வயிற்றுக்குள் சீழ் பரவி இறந்துபோனாள். ஆமாம் ஐயா, தெரிந்தேதான் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டாவது கேள்வியையும் கூடவே எழுதிக்கொள்ளுங்கள். 'உங்களை நன்றாகக் கவனித்துக்கொண்டார்களா?' அதற்கு 'மிக நன்றாக' என்று அழுத்தியிருக்கிறாள். அப்போதும் ஸ்பீக்கர் ஓடிக்கொண்டுதானே இருந்தது என்கிறீர்கள். ஓடட்டுமே. இருபது வருஷம் கூட வாழ்ந்தவள் ஐயா, என்னை நினைத்துத்தான் அழுத்தியிருப்பாள்.