தொட்டியில் இருப்பது பிளாஸ்டிக் அல்ல

விழுப்புரம் திண்டிவனம் வண்ணமீன் வளர்ப்போர் சங்கத்தின் ஆண்டுவிழாவுக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் பெருமதிப்பிற்குரிய ஐயா விருத்தாசலம் அவர்களே! மேடையை அணிசெய்யும் சான்றோர் பெருமக்களே! வளவனூரிலிருந்தும் பொம்மையார்பாளையத்திலிருந்தும் வேன் பிடித்து வந்திருக்கும் உறவுகளே! "அந்தத் தொட்டியில அப்படி இன்னாதான் இருக்குது, பார்த்துடலாம்" என்று கணவர்மாரோடு கிளம்பி வந்து, முன்வரிசையில் வீற்றிருக்கும் என் அன்புத் தாய்மார்களே! தமிழாசிரியை தையல்நாயகி, உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

கடலின் அழகைப் பற்றிப் பேசுங்கள் என்றுதான் என்னை அழைத்தார்கள். ஒப்புக்கொண்டுதான் வந்தேன். ஆனால் அழகைப் பற்றி நான் பேசப் போவதில்லை. தலைவர் ஐயா பொறுத்தருள வேண்டும். எனக்குப் பின்னால், புதிதாக உப்புநீர்த் தொட்டி வைப்போருக்கு உயிர்ப்பவளத்தைக் கல்லில் ஒட்டும் செய்முறை நடக்கப் போகிறது. மேசையில் தட்டு இருக்கிறது, பசை இருக்கிறது, பவளம் இருக்கிறது. கையுறை எங்கே? கண்ணுக்குக் கண்ணாடி எங்கே? வந்ததிலிருந்து தேடுகிறேன், காணவில்லை.

என் தம்பி குமரேசனை உங்களில் சிலருக்குத் தெரியும். திண்டிவனத்தில் கல்லூரிப் பேருந்து ஓட்டினான். கடல் என்றால் அவனுக்குக் கிறுக்கு. வாடகை வீட்டில் கூடத்தை அடைத்து ஒரு தொட்டி வைத்தான். ஒரு கடையில் பவளம் வாங்கினான். பொத்தான் பொத்தானாகப் பூத்திருக்குமே, பட்டன் கோரல் என்பீர்களே, அது! பொட்டலம் கட்டிய கடைக்காரர் சொன்னாராம்: "யாராச்சும் கேட்டா பிளாஸ்டிக்குன்னு சொல்லிடு பிரதர். பாரஸ்ட்காரங்க வந்தா பேஜாரு."

வனத்துறைச் சட்டம் காக்கும் கற்பவளம் வேறு, இவன் வாங்கியது வேறு. அது அவனுக்குத் தெரியாது. பயந்தான். வீட்டுக்காரரிடம் பிளாஸ்டிக் என்றான். என்னிடம் பிளாஸ்டிக் என்றான். கட்டிய மனைவி கலைமதியிடமும் பிளாஸ்டிக் என்றான்! பிளாஸ்டிக்குக்கு எதற்கடா தனி விளக்கு என்று கேட்கத் தோன்றியதா எங்களுக்கு? தோன்றவில்லையே!

ஒட்டத் தெரியாமல் ஒட்டினான். அடியில் ஈரம் துடைக்காமல் பசை வைத்தான், விழுந்தது. தையல் நூலால் கட்டினான், நழுவியது. இரண்டு பவளத்தை இடைவெளி இல்லாமல் நெருக்கி வைத்தான், ஒன்று மற்றதைக் கொட்டிக் கொன்றது. மிஞ்சிய பொத்தான் பவளம் கல்லெல்லாம் படர்ந்தது. இவனுக்குச் சலித்துவிட்டது. ஒரு கல்லை வெளியே எடுத்தான், குண்டானில் போட்டான், அடுப்பில் ஏற்றினான். வேகவைத்தால் எல்லாம் செத்துவிடும், கல் புதிதாகிவிடும் என்று நினைத்திருக்கிறான். ஏசி போட்ட வீடு, சன்னல் எல்லாம் சாத்தியிருந்தது.

அந்தப் பவளத்தின் உடம்பில் நஞ்சு இருக்கிறது, தாய்மார்களே! கொதித்தாலும் அது சாவதில்லை. நீராவியோடு எழுந்து நெஞ்சுக்குள் இறங்குகிறது. மாலையில் கலைமதி வேலை முடிந்து கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அவன் தரையில் கிடந்து நடுங்கிக்கொண்டிருந்தான். "வாயெல்லாம் கசக்குது, மூச்சு உட முடியல" என்றானாம்.

மருத்துவமனையில் அந்த டாக்டரம்மா கேட்காமல் விடவில்லை. "வீட்டுல ஏதாவது மருந்து அடிச்சீங்களாம்மா? பிராணி ஏதாவது வளர்க்கிறீங்களா?" என்று கேட்டார். கலைமதி கையைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னாள். "மீன் தொட்டி இருக்குதுங்க. மீனுதாங்க உசுரோட இருக்குது, மத்ததெல்லாம் பிளாஸ்டிக்குங்க."

அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்லப்பட்டதைச் சொன்னாள். பக்கத்தில், கட்டிலில் ஆக்சிஜன் மாட்டிக் கிடந்த என் தம்பி அதைக் கேட்டான். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். கையைத் தூக்கினான். மூச்சு முட்டித் துடிக்கிறான் என்று நினைத்து, அந்தக் கையை அமுக்கிப் பிடித்தவள் நான். அவன் என்ன சொல்ல வந்தான் என்பது எனக்குப் புரிவதற்குள் அவனைப் புதைத்துவிட்டோம்.

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

முன்வரிசையில் ஒரு பெரியவர் கேட்கிறார், உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பானா என்று. தெரியாது ஐயா. அந்த நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை என்கிறார்கள். பிழைத்திருப்பான் என்று மேடையேறிப் புளுக மாட்டேன். ஆனால் கலைமதி மறுநாள் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனாளே, அடுப்பிலிருந்த குண்டானைக் கழுவினாளே, அந்தக் கையால் கண்ணைக் கசக்கினாளே! உண்மை தெரிந்திருந்தால் அவள் அந்த வீட்டுக்குள் போயிருக்கவே மாட்டாள். இன்று அவளுடைய வலது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. கண் டாக்டர் துருவித் துருவிக் கேட்டு, நாங்கள் அந்தக் கடைக்காரரைத் தேடிப்போய் விசாரித்தபிறகுதான் கல்லின் கதையே எங்களுக்குத் தெரிந்தது.

ஆகவே கேளுங்கள், பவளம் ஒட்டப் போகும் தம்பிகளே! கையுறை போடுங்கள், கண்ணாடி போடுங்கள். பவளத்தின் அடிக்கட்டையை மட்டும் துடைத்துவிட்டு, கெட்டியான பசையை அளவாக வைத்து, கல்லில் அழுத்திப் பிடியுங்கள். பிடித்துக்கொள்ளும், அவசரப்படாதீர்கள். பொத்தான் பவளத்தைத் தனிக்கல்லில், தள்ளி வையுங்கள். ஒன்றுக்கொன்று இடம் விடுங்கள். முதலில் விளக்குக்குத் தாழ்வாக வைத்துப் பழக்குங்கள். வெந்நீர் மட்டும் ஊற்றாதீர்கள்! சமையல் பாத்திரத்தில் போடாதீர்கள்! உலர்ந்த கல்லைத் தேய்க்காதீர்கள்! இதைக் கற்றுக்கொள்ளப் பொறுமை இல்லையென்றால் தங்கமீன் வளர்த்துக்கொண்டு நிம்மதியாக இருங்கள்.

கை தட்டாதீர்கள். தயவுசெய்து தட்டாதீர்கள். நான் கேட்க வந்ததை இன்னும் கேட்கவில்லை.

அந்தத் தொட்டி இன்னமும் திண்டிவனத்து வீட்டில் இருக்கிறது. மோட்டார் ஓடுகிறது. மிஞ்சிய பொத்தான் பவளம் பின்கண்ணாடி முழுக்கப் படர்ந்துவிட்டது. கலைமதி கைக்குழந்தையோடு வளவனூரில் தாய்வீட்டில் இருக்கிறாள். வீட்டுக்காரர் வருகிற திங்கட்கிழமையே வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டார். நஞ்சு என்றேன், நம்பவில்லை. "இன்னாம்மா, உங்க தம்பியே பிளாஸ்டிக்குன்னு சொன்னாரு. ரெண்டு ஆளை உட்டு ஒடைச்சி, வெந்நி ஊத்திக் கழுவிட்டா முடிஞ்சிது" என்கிறார். கூலிக்கு வரப்போகிறவர்கள் சின்னக்கண்ணு, பூமாலை. புருஷன் பெண்டாட்டி. வெறுங்கையோடு வருவார்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கின்றன. நான் போய்ச் சொன்னேன். "வேலைக்குப் போகலன்னா அடுத்த வாட்டி கூப்புட மாட்டாருங்க" என்கிறாள் அந்தப் பூமாலை.

அவர்களுக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமையே, முறை தெரிந்த இரண்டு பேர் என்னோடு வரவேண்டும். முகமூடியோடு, கையுறையோடு வந்து, அதை அகற்றித் தரவேண்டும். இத்தனை பெரிய சங்கமே, இரண்டு பேர் இல்லையா? படம் எடுத்துப் போட ஆள் இருக்கிறது, பரிசு வாங்க ஆள் இருக்கிறது, இதற்கு இல்லையா?

யாரது, எழுந்து நிற்பது? பெயரைச் சொல்லுங்கள். பொம்மையார்பாளையம் பிரான்சிஸ். "நான் வர்றேங்க்கா, மாஸ்க்கு கண்ணாடி எல்லாம் வச்சிக்கினு இருக்கேன்" என்கிறார். வாழ்க தம்பி! இன்னொருவர்? ஆகட்டும், வருகிறேன் என்று தலைவர் ஐயாவே கை உயர்த்துகிறார். ஐயா, உங்களுக்கு என் வணக்கம்.

பிரான்சிஸ், உட்காருவதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். உங்கள் வீட்டிலும் பொத்தான் பவளம் இருக்கிறதா? இருக்கிறது. பக்கத்தில் இருப்பது மனைவியா? அமலா. அமலா, உனக்கு இது தெரியுமாம்மா?

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. அமலா சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "எங்கிட்டயும் பிளாஸ்டிக்குன்னுதாங்க சொல்லிக்கினு இருந்தாரு. நேத்துகூட நான்தாங்க வெறுங்கையால தொடைச்சேன்."

பிரான்சிஸ், தலையைக் குனியாதீர்கள். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள், வாய் இருக்கிறது. அவளைத் திரும்பிப் பார்த்து, இப்போதே, இங்கேயே சொல்லுங்கள். மற்றவர்களும் சொல்லுங்கள். நான் பேசியதைக் காது கொடுத்துக் கேட்ட அவைக்கு என் நன்றி. தாய்மார்களே, வணக்கம்.