மாதிரி மனு

சொரிமுத்து: இதைக் கேளுங்க டீச்சர். மனுதாரர் பெயர்... 'உங்கள் பெயர்'. தகப்பனார் பெயர்... 'உங்கள் தந்தை பெயர்'. ஆர்.ஐ. வேலைக்கு வந்து பதினாறு வருசமாச்சு. இந்த ஆளை நான் எந்த ஊர்ல போய்த் தேட?

பிரம்மநாயகி: அய்யோ... அது எங்க கிளாஸ் பையன் இசக்கிதுரை, சார். போர்டுல என்ன இருக்கோ அப்படியே எழுதிருவான்.

சொரிமுத்து: அப்போ போர்டுல எழுதிப் போட்டது நீங்கதான்.

பிரம்மநாயகி: பாடம் சார்! பத்தாம் வகுப்புக்கு அரசுப் பணியைப் பத்தி நடத்துனேன். கலெக்டர்னா யாரு, தாசில்தார்னா யாரு, ஒரு மனு போட்டா அது யார் யார் கைக்குப் போவும்... அதுக்கு ஒரு மாதிரி மனு. அம்புட்டுதான்.

சொரிமுத்து: மாதிரி மனுவுக்கு நெச ஸ்டாம்பு எதுக்கு? கலெக்டர் ஆபீஸ்ல வந்து குவிஞ்சு கெடக்கு. எல்லாத்துலயும் ஒரே வரி. 'புளியடி விலக்கில் பேருந்து நிற்பதில்லை.'

பிரம்மநாயகி: பிள்ளையள் விளையாட்டாப் போட்டிருக்கும்... ஏட்டி பொன்செல்வி, இங்கன வா. சார் கேக்கதுக்குப் பதில் சொல்லு. இவதான் கிளாஸ் லீடர் சார்.

பொன்செல்வி: வணக்கம் சார்.

சொரிமுத்து: நான் யாருன்னு தெரியுமா?

பொன்செல்வி: வருவாய் ஆய்வாளர். வி.ஏ.ஓ.வுக்கு மேல, தாசில்தாருக்குக் கீழ.

சொரிமுத்து: ஆமா, ரெண்டு பக்கமும் இடி வாங்குதவன். டீச்சர் நல்லாத்தான் நடத்திருக்காவ. சரி, மனுவைத் தபால்ல போட்டது யாரு?

பொன்செல்வி: நாங்கதான் சார். எல்லாரும் சேந்து போஸ்ட் ஆபீஸுக்குப் போயி, ஸ்டாம்பு வாங்கி ஒட்டி...

சொரிமுத்து: என்னைக்கு?

பொன்செல்வி: ஞாயித்துக்கிழமை சார்.

சொரிமுத்து: உங்களுக்காவ ஞாயித்துக்கிழமையும் தொறந்து வச்சிருந்தாவளாக்கும்?

பொன்செல்வி: ...டீச்சர்?

பிரம்மநாயகி: நீ சும்மா நில்லு.

சொரிமுத்து: அதட்டாதீங்க. ஏம்மா, ஊருக்கு ரோடு பிரியுத அந்த விலக்குல பஸ்ஸு நிக்கவே நிக்காதா?

பொன்செல்வி: பெரியாளுக நின்னா நிப்பாட்டுதாவ சார். நாங்க யூனிபார்மோட நின்னா பாத்துக்கிட்டே போயிருதாவ. எங்களுக்கு பாஸுதான, அதான். களக்காட்டு ரோட்டுல அஞ்சு கிலோமீட்டர் நடக்கணும். சாயந்தரம் வீட்டுக்குப் போறதுக்குள்ள இருட்டிரும். அதான் சந்தனமாரியை அவ அம்மா...

பிரம்மநாயகி: ஏட்டி!

பொன்செல்வி: ...ஒண்ணுமில்ல சார்.

சொரிமுத்து: சரி, நீ கிளாஸுக்குப் போ தாயி. டீச்சர், தாசில்தார் ஒரு வழி சொல்லி விட்டிருக்காவ. 'இவை வகுப்புப் பயிற்சிக்காக எழுதப்பட்டவை'ன்னு இந்தத் தாள்ல ஒரு கையெழுத்து. மனுவை எல்லாம் மூடிரலாம். உங்களையும் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ.

பிரம்மநாயகி: மூடிட்டா... பஸ்ஸு?

சொரிமுத்து: அது எப்பவும் போலப் போவும்.

பிரம்மநாயகி: கையெழுத்துப் போடலைன்னா?

சொரிமுத்து: பிள்ளையளைத் தூண்டி விட்டிருக்காவன்னு உங்களுக்கு மெமோ வரும்.

பிரம்மநாயகி: வரட்டும் சார்! மனு குடுத்தா கெவர்மெண்டு பதில் சொல்லியாவணும்னு தொண்டை வலிக்க நடத்துனது நான். இப்ப அது சும்மாவாச்சும் எழுதுனதுன்னு நானே எழுதிக் குடுத்தா, நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கிளாஸுக்குள்ள போவேன்?

சொரிமுத்து: பதறாதீங்க. கையெழுத்தைப் பைய யோசிச்சுக்கிடலாம். ரிஜிஸ்டரைக் கொண்டாங்க, பேரைச் சரி பாத்துக்கிடுதேன். உங்க கிளாஸ்ல எத்தனை பேரு?

பிரம்மநாயகி: நாப்பது.

சொரிமுத்து: மனு நாப்பத்தொண்ணு இருக்கே.

பிரம்மநாயகி: இருக்காது சார்.

சொரிமுத்து: இந்தா, கடேசி மனு. சந்தனமாரி.

பிரம்மநாயகி: சந்தனமாரியா? கொண்டாங்க... அவ எழுத்துத்தான் இது. அவளேதான்.

சொரிமுத்து: எங்கன இருக்கா? கூப்பிடுங்க.

பிரம்மநாயகி: அவ... இன்னைக்கு வரல.

சொரிமுத்து: இன்னைக்கு மட்டுமா?

பிரம்மநாயகி: ...ரெண்டு மாசமாச்சு சார். இருட்டுல நடந்து வாரதுக்கு வீட்டுலயே கெடக்கட்டும்னு அவ அம்மா நிப்பாட்டிட்டாவ. பீடி சுத்துதா. நல்லாப் படிக்கிற பிள்ளை சார், கணக்குல நூறு வாங்குதவ. வீட்டுக்கே போய்க் கேட்டுப் பாத்தேன். பஸ்ஸு நின்னா அன்னைக்கே அனுப்புதேன்னு அவ அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாவ. ரிஜிஸ்டர்ல பேரை எடுத்தாச்சு. இந்த மாசத்துக்குள்ள வந்தாக்கூட சேத்துப் பரிட்சைக்கு ஏத்திருவேன்.

சொரிமுத்து: பேரை எடுத்தாச்சா? அப்ப அவ உங்க பிள்ளை இல்ல.

பிரம்மநாயகி: என்ன சார் இப்படிச் சொல்லுதீங்க!

சொரிமுத்து: ரிஜிஸ்டர்படி சொல்லுதேன். நாப்பதும் வகுப்புப் பயிற்சி, சரி. பள்ளிக்கூடமே வராத பிள்ளைக்கு ஏது வகுப்பு, ஏது பயிற்சி? இந்த ஒண்ணை யாராலயும் மூட முடியாது. டிப்போக்காரன் பதில் சொல்லித்தான் ஆவணும். அவளுக்கு நின்னா எல்லாருக்கும் நிக்கும்லா?

பிரம்மநாயகி: அப்ப நான் கையெழுத்துப் போட்டாலும் இந்த மனு நிக்குமா சார்?

சொரிமுத்து: நிக்கும். தைரியமாப் போடுங்க டீச்சர் கையெழுத்தை.

பிரம்மநாயகி: சார்... நான் ஒரு உண்மையைச் சொல்லிருதேன். கெவர்மெண்டு வேலையில இருந்துக்கிட்டு என் பேர்ல எழுத பயம். அதான் பிள்ளையளை எழுதச் சொல்லி, ஸ்டாம்பு ஒட்டித் தபால்ல போட்டேன். எல்லாம் நான்தான்.

சொரிமுத்து: கவர் எல்லாத்துலயும் ஒரே கையெழுத்து. இது கூடவா தெரியாது?

பிரம்மநாயகி: ஆனா நான் போட்டது நாப்பதுதான் சார். சந்தனமாரிகிட்ட நான் கேக்கவே இல்ல. இது எப்படி உங்க கட்டுக்குள்ள வந்துச்சு?

சொரிமுத்து: மூடச் சொல்லிட்டாவன்னதும் எனக்கு மனசு கேக்கல டீச்சர். ஞாயித்துக்கிழமை அந்த விலக்குல எறங்கி ஊருக்குள்ள போனேன். பீடித்தட்டை மடியில வச்சுக்கிட்டு ஒரு பிள்ளை உக்காந்திருந்தா. பேப்பரும் பேனாவும் நான்தான் குடுத்தேன். மறுநாளே குறைதீர் கூட்டத்துல நம்பர் போட்டுப் பதிஞ்சுட்டேன், வெளிய சொல்லிராதீங்க. எழுதி முடிச்சுட்டு, 'அப்ப யூனிபார்மைத் துவைச்சு வைக்கவா சார்'ன்னு கேட்டா. வையி தாயின்னு சொல்லிட்டு வந்துட்டேன்.