ரூம்ல ஒருத்தருக்குக் கால்ல புண்ணு

– எனக்கில்லக்கா. ரூம்ல ஒருத்தருக்கு.

– ரூம்ல ஒருத்தருக்கா. கடைக்கு வர்றதுல பாதிப் பேரு இப்படித்தான், ஃப்ரெண்டுக்குன்னு கேட்டு வாங்கிட்டு வாசல்லயே முழுங்கிட்டுப் போவான். மருந்துக்கடைல நிக்கறவகிட்டயே கத விடுறியா?

– சத்தியமா எனக்கில்ல.

– அப்ப வீடியோவப் போடு. காலக் காட்டு.

– அக்கா, ஆஸ்பத்திரி வராண்டால உக்காந்திருக்கேன்.

– ரொம்ப வசதியாப் போச்சு. ஷூவக் கழட்டு. சாக்ஸையும்.

– இந்தா. பாத்துக்கோ.

– வெரல விரி. அந்தக் கால். பாதத்தத் திருப்பு. நகத்த வெட்டுடா, கோழிக்கால் மாதிரி வெச்சிருக்க. அப்பாடா, இப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சு. சொல்லு, அவருக்கு என்னவாம்?

– வீடியோவ நிறுத்திடறேன்க்கா. அவருக்குப் புண்ணு. ஷூக்குள்ள அட்டப்பெட்டி பின்னு ஒண்ணு கெடந்து குத்திட்டே இருந்திருக்கு. தெரியவே இல்ல. சாக்ஸ் ஒட்டிக்கிட்டு வரலேன்னதும்தான் பாத்தாரு. இப்ப பாதமே கறுத்துப் போச்சு.

– பின்னு குத்துறதே தெரியலன்னா சுகருடா.

– ஆமா. ரொம்ப நாளா இருக்கு. யார்கிட்டயும் சொல்லல.

– என்ன மாத்திரை போடுறாரு?

– வைட்டமின் டி.

– அது கெடக்கட்டும். சுகருக்கு?

– அது மட்டும்தான்க்கா.

– என்னடா சொல்ற?

– எங்க குளிர் குடோன்ல திடீர்னு லாக்கரத் தொறந்து பாப்பாங்க. சுகர் மாத்திரை அட்டை கெடந்தா ஃபோர்க்லிஃப்ட் வண்டிச் சாவிய வாங்கிட்டு ஊருக்கு ஃப்ளைட் ஏத்தி விட்டுடுவாங்க. வைட்டமின்னா ஒருத்தனும் ஒண்ணும் கேக்கமாட்டான். வெயிலே பாக்காத வேல, எல்லாருமே போடுறோம். சுகர்க்காரங்களுக்கு அது ரத்தக்குழாய நல்லா வெச்சுக்கும்னு யாரோ சொன்னாங்களாம். அப்ப அதுவே போதும்னு மத்தத நிறுத்திட்டாரு.

– எந்தப் புண்ணியவான் சொன்னது?

– தெரிஞ்சவங்கதான். அவரு ரொம்ப நம்புறவங்க.

– இருடா. அண்ணே, சீட்ட அப்படியே வெச்சுட்டு நில்லுங்க, தம்பி லைன்ல இருக்கான். ஆங், கேட்டுக்கோ. ஒடம்புல அது கொறஞ்சிருந்தா போடணும், சரி. ரத்தக்குழாய்க்கு நல்லதுன்னு சில டாக்டருங்க சொல்றாங்க. அப்படியொண்ணும் பெருசா கிழிக்கலன்னும் சொல்றாங்க. ஆனா சுகர் மாத்திரைக்குப் பதிலா இதப் போடுன்னு எவனாவது சொல்லுவானா? நான்கூட ஒரு டப்பா குடுத்தனுப்பினேனே, மாமா போடுறாரா?

– போடுறாரு.

– எங்க அவரு? நேத்துலேர்ந்து போனே எடுக்கல.

– உள்ள இருக்காரு.

– எப்பப் பாரு உள்ள. என்னக் கட்டினதுக்கு அந்தக் குடோனையே கட்டிக்கிட்டிருக்கலாம். சரி, அந்த ரூம்காரருக்கு டாக்டர் என்ன சொல்றாரு?

– ரத்தம் கீழ எறங்கலயாம். முழங்காலுக்குக் கீழ எடுக்கணும்ங்கறாங்க. விட்டா ஒடம்பெல்லாம் பரவிடுமாம். அவரு காய்ச்சல்ல தன்ன மறந்து கெடக்கறாரு. வீட்ல கேட்டுச் சொல்லுன்னு டாக்டர் என் முன்னாடியே நிக்கறாரு.

– பொண்டாட்டி இருக்காளா?

– இருக்காங்க.

– அவளுக்குத் தெரியுமா?

– சுகர் இருக்கறதே தெரியாது.

– நல்லாருக்குடா. ஊருக்கு மறைக்கறது சரி, கட்டினவகிட்டயுமா மறைப்பாரு?

– பயந்துடுவாங்கன்னு சொல்லல.

– இப்ப மட்டும் பயப்படாம குதிப்பாளாக்கும்.

– அவங்க எடத்துல நீ இருந்தா என்ன சொல்லுவக்கா?

– நானா? மொதல்ல அந்த மனுஷன நல்லா நாலு கேள்வி கேப்பேன்.

– அப்புறம்?

– எடுக்கச் சொல்லுவேன்.

– யோசிச்சுச் சொல்லு.

– இதுல என்னடா யோசன? கால் போனா போகுது. ஒத்தக் காலோட வந்து ஹால்ல உக்காந்து டீ கேட்டா, திட்டிக்கிட்டே போட்டுக் குடுப்பேன். ஆளு வேணும்ல.

– சரிக்கா.

– ஏன்டா மரக்கட்ட மாதிரி பேசற? அழுதியா?

– இல்ல. அழுகையே வரல. கையெல்லாம் யாரோடதோ மாதிரி இருக்கு.

– மொதல்ல ஏதாவது சாப்பிடு. டாக்டர நிக்க வெச்சுட்டு என்கிட்ட வெட்டிக்கத பேசிட்டிருக்காத. அந்தப் பொண்ணுக்குப் போனப் போட்டு நேரா கேளு.

– அவங்ககிட்டதான் கேட்டுட்டு இருக்கேன்க்கா.