யாருமே போனதில்லைங்க

பல்லடம் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில், கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடி உட்கார்ந்திருந்தது. அவள் மடியில் வங்கித் தேர்வுக்கான புத்தகம், தர்க்கப் பகுதியில் விரிந்து கிடந்தது. அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“எங்க ஊட்டுப் பொம்பளைங்க யாருமே வேலைக்குப் போனதில்லைன்னு அம்மா சொல்றாங்க.”

“இது முழு மறுப்பு வாக்கியமுங்க,” என்று அவள் புத்தகத்தைத் தட்டினாள். “ஒரே ஒருத்தர் போயிருந்தாலும் பொய்யாயிரும். உங்க அத்தை டீச்சர்தானுங்களே?”

“அவங்க பள்ளிக்கூடத்துக்குத்தானுங்க போனாங்க.”

“சம்பளம்?”

“வாங்குனாங்க.”

“அப்ப?”

“சரி, சில பேரு போயிருக்காங்க. அதுக்காக நீங்களும் போகோணும்னு ஆயிருமுங்களா?”

“ஆகாதுங்க. போகக்கூடாதுன்னும் ஆகாதுங்களே.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் விரல்கள் புத்தகத்தை இறுகப் பிடித்திருந்தன.

சூலூர் தாண்டியதும் அவன் போனை எடுத்தான்.

“அம்மா, ஞாயித்துக்கெழம ஜவுளி எடுக்க வர முடியாதுங்க. அவங்களுக்குப் பரீட்சை இருக்குது. நாந்தான் வண்டியில கூட்டிட்டுப் போறேன்.”