சன்னலைத் திறந்துவைத்த தெசாங்கா அம்மையாருக்கு

வளைய மறுத்த முதுகுகளை வளைத்த வல்லவரே! வலியைவிடப் பெரிதாய் வளர்ந்த அச்சத்தை வாசல்வரை விரட்டிய வீராங்கனையே! முப்பத்தெட்டு ஆண்டுகள் எங்கள் வெந்நீரூற்று மருத்துவமனையின் உடற்பயிற்சிக் கூடத்தை ஆண்டு, இன்று ஓய்வு பெறும் இயன்முறை மருத்துவர் தெசாங்கா அம்மையாரே! வணக்கம், வணக்கம், மூச்சு முட்டுமளவு வணக்கம்!

சன்னல்வழி வரும் ஊதற்காற்று இடுப்பில் ஏறினால் ஆயுளுக்கும் இறங்காது என்று பால்குடி நாளிலேயே கற்றுக்கொண்ட செர்பியர்கள் நாம். ஜூலைப் புழுக்கத்திலும் பேருந்துச் சன்னலைச் சாத்துகிறவர்கள். நம்மிடையே சன்னலை விரியத் திறந்துவைத்து, இடுப்புவலிக்காரர்களைக் குனியச் சொன்னீர்களே, அந்தத் துணிச்சலை என்னென்போம்! முதல் பத்தாண்டு உங்களைத் திட்டாத ஆளில்லை. திட்டியவர்களில் நாங்களும் உண்டு.

தேனீ வளர்க்கும் மிலுதின் வந்த நாளை மறக்க முடியுமா? பதினோராண்டு இடுப்புவலி, மூன்று கம்பளிக் கச்சை, பை நிறைய எக்ஸ்ரே படங்கள்.

"சன்னலைச் சாத்தும்மா! தேஞ்ச எலும்பு, காத்து பட்டா ஒடிஞ்சிரும்," என்றார் அவர்.

"மூஞ்சியில இத்தனை சுருக்கம் இருக்கே அண்ணே, அது வலிக்குதா? எலும்புக்கும் வயசாகும். உங்க வலி நிசம்தான். ஆனா வலிக்குதுன்னா ஒடியுதுன்னு அர்த்தமில்ல. மூச்சை விட்டுட்டுக் குனிங்க," என்றீர்கள் நீங்கள்.

பயிற்சி தொடங்கிய ஐந்தாம் மாதம் தேனீப் பெட்டியைத் தாமே தூக்கி வண்டியில் ஏற்றினார். ஊரே கைதட்டியது!

இத்தோடு நிறுத்தினால் நீங்களே எங்களைக் கேலி செய்வீர்கள். சென்ற ஆண்டு பிப்ரவரியில் பனியில் வழுக்கி விழுந்தீர்கள். எலும்பு முறியவில்லை, ஆனாலும் நான்கு மாதம் வலி போகவில்லை. ஜூன் மாதத்தில் ஒரு காலை, வெள்ளை அங்கிக்குள் கம்பளிக் கச்சையோடு வந்து சன்னலைச் சாத்தினீர்கள். மேசையில் வேலையை விட்டு விலகும் கடிதம்! ஊருக்குத்தான் உபதேசம் என்பது உங்களுக்கும் பொருந்துமா என்று எங்களுக்குள் கேட்டுக்கொண்டோம்.

தேன் கொடுக்க வந்த மிலுதின்தான் கேட்டார்: "ஏம்மா, காத்துக்கு இப்பப் பல்லு முளைச்சிருச்சா?"

"பயமா இருக்குண்ணே," என்று எங்கள் எதிரிலேயே அழுதீர்கள்.

"எனக்கும் இருந்துச்சு. மூச்சை விட்டுட்டுக் குனி தங்கச்சி," என்று தேன்புட்டிப் பெட்டியை உங்கள் காலடியில் வைத்தார்.

முதல் நாள் அவரை வைதீர்கள். மறுநாள் பாதி தூக்கினீர்கள். செப்டம்பரில் கடிதத்தைக் கிழித்துப்போட்டு, சன்னலை நீங்களே திறந்தீர்கள். எங்களுக்குக் கண்ணீரும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன!

அம்மையாரே, நூறாண்டு வாழ்க என்று மட்டும் சொல்லி விடமாட்டோம். நூறிலும் குனிந்து நிமிர்க! இம்மடலுக்கு மிலுதின் தம் கையாலேயே ஓக் மரச் சட்டம் செய்திருக்கிறார், வேண்டுமென்றே ஒன்பது கிலோ கனத்தில். அதை மேடையில் வைக்காமல் உங்கள் காலடியில் சாய்த்து வைத்திருக்கிறோம். ஒருவரும் கைகொடுக்கப் போவதில்லை. சன்னல் திறந்திருக்கிறது. மூச்சை விடுங்கள், குனியுங்கள், தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்!

உங்களைத் திட்டித் திட்டியே உங்களிடம் கற்றுக்கொண்ட
உடற்பயிற்சிக் கூடப் பணியாளர்கள்