நிறையும் வரை காத்திரு

ஆள் நிறையாமல் வண்டியை எடுப்பது எனக்கு ஆகாது மாமா. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒன்பது வருஷமாக ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். எட்டாவது ஆள் ஏறாமல் சாவியைத் திருகியது கிடையாது. உங்கள் மகள் ஏன் என்னோடு பேசுவதில்லை என்று கேட்கத் தொப்பம்பட்டியிலிருந்து இத்தனை தூரம் வந்திருக்கிறீர்கள். நிதானமாகவே சொல்கிறேன். காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

தையில் கல்யாணமாகி வந்ததிலிருந்து ஹரிணி கம்ப்யூட்டர் விளையாட்டில் ஓர் ஊர் கட்டிக்கொண்டிருந்தாள். கடல் நடுவே தீவு, பெயர் ஹரிணிபுரம். ஆறு மாதத்தில் பள்ளிக்கூடம், சந்தை, மணிக்கூண்டு, நாலாயிரத்து நூறு ஜனம். அங்கே ஒரு மணி நெல் விளையாது. பக்கத்துத் தீவிலிருந்து மூன்று கப்பல்கள் தானியம் ஏற்றி வரவேண்டும். எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது என்று ஒருமுறை தடம் போட்டுவிட்டால் கப்பல்கள் தானாகவே போய் வரும்.

ஆடி பிறந்ததும், தலை ஆடி என்று நீங்கள் வந்து அவளை அழைத்துப்போனீர்கள். முறைதான், குறை சொல்லவில்லை. போகும்போது அவள் சொன்னாள்: "ஏனுங்க, தினமும் ஒரு மணி நேரம் ஓட விடுங்க, ஊரு வளரட்டும். கப்பலை மட்டும் தொட்டுறாதீங்க."

அப்புறம் தினமும் போன். "ஜனம் எத்தனைங்க? பள்ளிக்கூடத்துல கூட்டம் எப்படிங்க?" பதினொரு நாள். நான் சாப்பிட்டேனா என்று ஒரு வார்த்தை இல்லை. ஓட்டல் பரோட்டாவைத் தின்றுகொண்டு நாலாயிரம் பேருக்கு நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். வயிறு எரிந்தது, உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது.

தடத்தில் ஒரு சின்னக் கட்டம் உண்டு: 'நிறையும் வரை காத்திரு'. மூன்று கப்பலுக்கும் அதில் டிக் போட்டேன். நியாயமான ஏற்பாடுதான், அரைக் கப்பலோடு அலைவது வீண் அலைச்சல். ஒரே துறையில் மூன்றும் சேர்ந்து நின்றால் எதுவும் லேசில் நிறையாது என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் ஸ்டாண்டில் ஒரே நேரத்தில் மூன்று ஆட்டோ ஆள் ஏற்றினால் மூன்றும் நின்றபடியேதான் இருக்கும்.

முதலில் சந்தை மூடியது. பிறகு பள்ளிக்கூடம். திரையில் குட்டிக் குட்டி ஆட்கள் கிண்ணத்தோடு துறைமுகத்தில் வரிசை கட்டினார்கள். நான் தினமும் ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடவிட்டேன். சொன்ன சொல் தவறவில்லை.

"ஜனம் சரசரன்னு குறையுது புள்ள, என்னன்னே தெரியல" என்றேன் போனில்.

"கப்பலைத் தொட்டீங்களா?"

"நான் எதுக்குத் தொடப்போறேன்?"

அழுதாள். ஆடி முடியும் வரை பொறுக்கமாட்டாள், ஓடிவருவாள் என்று நினைத்தேன். வந்தாள். வெள்ளிக்கிழமை பையைக்கூட இறக்காமல் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். காலித் தெருக்களைப் பார்த்தாள். மூன்று டிக்கையும் பார்த்தாள். அன்றோடு பேச்சு நின்றது.

அவள் மேல் வைத்த ஆசையால் செய்தது மாமா. அவள் வரவேண்டும், வேறொன்றும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "வெள்ளிக்கிழமை வந்துடறேனுங்க, நீங்க இல்லாம இங்க இருப்பே கொள்ளலைங்க" என்று அவள் புதன்கிழமையே சொல்லிவிட்டாள். அப்போது ஆயிரத்து இருநூறு பேர் மிச்சம் இருந்தார்கள். ஒரே ஒரு டிக்கை எடுத்திருந்தால் ஒரு கப்பல் கிளம்பியிருக்கும். நான் எடுக்கவில்லை. போனை வைத்துவிட்டு, அன்றைக்கு மட்டும் ஐந்து மணி நேரம் ஓடவிட்டேன்.