கொஞ்சம் அசையாம இரு

கப் நூடுல்ஸுக்கு வெந்நீரை உள்ளே போட்டிருக்கும் கோடு வரைக்கும் ஊற்றக் கூடாது, ஒரு விரல் குறைத்து விட வேண்டும் என்பது என் மனைவியின் கட்சி. மலைமேல் கொண்டுபோகிற வெந்நீர் பாதி சூடு போனதாகத்தான் இருக்கும், தண்ணீரைக் குறைத்தால்தான் காரம் நாக்கில் நிற்கும் என்பாள். நான் கோடு வரைக்கும் ஊற்றுகிறவன். இந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் கல்யாணம் ஆன நாளிலிருந்து தகராறு. வேறு பெரிய சண்டை எதுவும் கிடையாது. அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள் ஐயா, அவர்களும் அதைத்தான் சொல்வார்கள்.

என் மனைவி மிஹ்வாவின் சாவை உங்கள் போலீஸ் கோப்பில் விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். சோபெக் மலை முகட்டில், ஜனவரியில், குளிரில் உடம்பு விறைத்து இறந்தாள் என்று. மற்றதெல்லாம் சரிதான். விபத்து என்ற அந்தச் சொல்லை மட்டும் மாற்ற வேண்டும் என்றுதான் நானாக வந்திருக்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லை. முதலில் அந்தத் தேநீரைக் குடியுங்கள், ஆறிவிடும்.

எங்கள் இருவருக்கும் சேர்த்து இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. ஊர் ஊராகப் போவோம், மலை ஏறுவோம், அந்தந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிடுவோம். படம் என்னுடையது, எழுத்து அவளுடையது. மலையை மட்டும் எடுத்துப் போட்டால் நாலு பேர் பார்ப்பார்கள். அதே மலையில் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு மிஹ்வா சின்னதாக ஒரு மூலையில் நின்றால் நாலாயிரம் பேர் பார்ப்பார்கள். முதலில் எனக்கு அது கொஞ்சம் உறுத்தலாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. அவளை எங்கே நிறுத்தினால் மலை பெரிதாகத் தெரியும் என்பது என்னைப்போல யாருக்கும் தெரியாது.

சாப்பாட்டுக்கும் எங்களிடம் ஒரு முறை இருந்தது. தட்டு வந்ததும் யாரும் தொடக் கூடாது. வெளிச்சம் பார்த்து, தட்டைத் திருப்பி, நான் எடுத்து முடித்துத் தலையாட்டிய பிறகுதான் கரண்டியை எடுக்க வேண்டும். ஜன்ஜு ஊரில் முளைகட்டிய பயறு சூப்பு மண்சட்டியில் தளதளவென்று கொதித்துக்கொண்டு வரும். அது கொதி அடங்கி, மேலே ஆடை கட்டிய பிறகுதான் மிஹ்வா குடித்திருக்கிறாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆறிப்போன சூப்பைக் குடித்துவிட்டு, அது கொதிக்கக் கொதிக்க எப்படி இருந்திருக்கும் என்று மனசால் எழுதுவாள். அவள் எழுத்தைப் படித்து நாக்கில் எச்சில் ஊறாதவர்கள் கிடையாது.

மலை ஏறுவதற்கு முந்தின சாயங்காலம் தன்யாங் சந்தைக்குப் போயிருந்தோம். அந்த ஊர் பூண்டுக்குப் பேர்போனது. பூண்டுக் கொழுக்கட்டை வாங்கி, மூங்கில் தட்டோடு வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். கடைக்கார அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, படம் புடிச்சே உங்களுக்கு வயிறு ரொம்பிடும் போல. அக்காவுக்காவது வேற ஒரு தட்டு சூடா தரட்டுமா?"

"விடுங்கம்மா," என்றாள் மிஹ்வா. "எங்க வீட்டுல மொதப் பந்தி கேமராவுக்கு. நான் எப்பவும் ரெண்டாம் பந்திதான்."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தங்கும் விடுதிக்கு நடந்து வரும்போது அவள் அந்தப் பேச்சை எடுத்தாள். "என்னங்க, இந்த மலையோட நான் நிறுத்திக்கிறேன். முட்டி என் பேச்சக் கேக்க மாட்டேங்குது." துங்யங் கடற்கரையில் அவள் தங்கை சிப்பிக் கஞ்சிக் கடை வைத்திருக்கிறாள். அங்கே போய் அவளுக்குக் கூடமாட ஒத்தாசையாக இருக்கப் போகிறாளாம். "அடுப்புல இருந்து எறக்குன ஒடனே வாயில வைக்கணுங்க. நாக்கு வெந்தாலும் பரவால்ல. ஒரு தடவயாச்சும் சூடா சாப்புட்டுட்டு செத்தா போதும்."

"நான்?" என்று கேட்டேன்.

"நீங்களும் வாங்க. கடல் என்ன, மலைய விடக் கொறச்சலா? ஆனா என் கஞ்சிய மட்டும் படம் புடிக்கக் கூடாது."

எனக்குக் கோபம் வந்தது என்று எழுதிக்கொள்ளாதீர்கள். வரவில்லை. சரி என்றுதான் சொன்னேன். படுத்ததும் தூங்கிவிட்டேன். கடைசி மலை என்றால் கடைசிப் படம் யாரும் மறக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். அவளுக்கு நான் செய்கிற மரியாதை அது என்று நினைத்தேன். இப்போதும் அந்த நினைப்பு முழுதாகப் போகவில்லை.

விடியுமுன்னே ஏறத் தொடங்கினோம். படிகள் செங்குத்து, அவளுக்கு நன்றாக வியர்த்துவிட்டது. உள்சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்தது. முகட்டுக்கு வந்ததும் காற்று. சோபெக் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காற்றினால்தான் பனிப்பூ பூக்கிறது. ஈரக்காற்று மோதி மோதி ஒவ்வொரு குச்சியிலும் உறைந்து, மலை முழுக்க வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. வெயில் ஏறினால் எல்லாம் உதிர்ந்துவிடும். சூரியன் மேகத்துக்குப் பின்னால் இருந்தது. எந்த நேரமும் திறக்கலாம்.

கொஞ்சம் கீழே, காற்றுக்கு ஒதுங்க ஒரு மரக்குடில் இருக்கிறது. எல்லோரும் அதற்குள் போய் உட்கார்ந்திருந்தார்கள். நான் மிஹ்வாவை முகட்டு ஓரத்தில் ஒரு பாறைமேல் உட்கார வைத்தேன். பின்னால் பனிப்பூ மரம், கையில் ஆவி பறக்கும் கப் நூடுல்ஸ், எதிர்வெயில். ஆவி படத்தில் விழ வேண்டுமானால் வெயில் அதன் பின்னாலிருந்து வர வேண்டும். இதைவிட நம் ஊர்ப் படம் ஒன்று இருக்க முடியுமா சொல்லுங்கள்.

அவள் மேலே கறுப்புப் பஞ்சுக் கோட்டுப் போட்டிருந்தாள். அதைக் கழற்றச் சொன்னேன்.

"ஏங்க, நெசமாவா சொல்றீங்க?"

"படத்துல கறுப்பு மூட்ட மாதிரி தெரியுது."

"மூட்டதான். கட்டிக்கும்போது பாத்துத்தானே கட்டிக்கிட்டீங்க."

கழற்றிக் கொடுத்தாள். காற்று அடித்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று மடித்து என் பைக்குள் பத்திரமாக வைத்தேன். உள்ளே அந்தச் சிவப்புச் சட்டை. மெல்லிசுதான், ஆனால் வெள்ளைக்கு நடுவில் எடுப்பாக இருந்தது.

மலையில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. எல்லோரையும்போல நாங்களும் குடுவையில் வெந்நீர்தான் கொண்டுபோயிருந்தோம். முதல் கப்பில் ஊற்றிக் கொடுத்தேன். ஆவி எழும்பியது, ஆனால் மேகம் திறக்கவில்லை. அவள் கப்பை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"இரு. இன்னும் எடுக்கல."

"ஒரு வாய் குடிச்சிக்கிறேங்க. கை மரத்துப்போச்சு."

"குடிச்சா நூடுல்ஸ் கலைஞ்சிடும்."

கீழே வைத்தாள். காத்திருந்தோம். சாற்றின் மேலே மெல்லிய ஏடாகப் பனி கட்டியது. வெறும் வெந்நீராவது ஒரு மடக்குக் கொடுங்கள் என்று கேட்டாள். குடுவையில் இன்னொரு கப்புக்குத்தான் இருந்தது. அது ஆவிக்கு வேண்டும் என்று எடுத்துச் சொன்னேன். அவள் மறுபடி கேட்கவில்லை. ஆறிப்போன சாற்றை நான் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வடித்துக் கட்டிக்கொண்டேன். மலையில் ஒரு சொட்டுச் சாற்றைக்கூடக் கொட்டக் கூடாது. அந்த விஷயத்தில் நாங்கள் இருவருமே கறார்.

குடிலிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். நீங்கள் அவரை விசாரித்திருப்பீர்கள்.

"ஏம்பா, அந்தம்மா ஒதடு கறுத்துப்போச்சே. உள்ள கூட்டிட்டு வா. எங்கிட்ட சூடா இஞ்சித் தண்ணி இருக்கு."

"ரெண்டே நிமிஷம் பெரியவரே. அவளுக்கு இதெல்லாம் பழக்கம்."

அவர் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். அவள் எழுந்து போயிருக்கலாம். யாரும் கட்டிப்போடவில்லை. என்னைத்தான் பார்த்தாள். பல் தந்தியடிக்க, "நீங்க போங்க பெரியவரே. இவரு படம் முடியாம எனக்குச் சோறு கெடையாது," என்றாள். அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார். இப்போது அவர் சாப்பிடாமல் கொள்ளாமல் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிரச்சினை நடுக்கம்தான். மேகத்துக்கு நடுவே வெளிச்சம் கசியும்போதெல்லாம் நான் எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அவள் கை கலங்கிப்போயிருந்தது. மரம் துல்லியம், பாறை துல்லியம், அவள் மட்டும் துடைத்துவிட்ட மாதிரி.

"கொஞ்சம் அசையாம இரு."

"நானாங்க அசையிறேன்?"

அது ஒன்றுதான் அவள் கொஞ்சம் கடுப்பாகச் சொன்னது. அப்புறம் பேச்சுக் குறைந்தது. தலை லேசாகச் சாய்ந்தது. அப்படியே, மெல்ல, நடுக்கம் நின்றது.

அதே நேரம் காற்றும் விழுந்தது. மேகம் திறந்தது. மலை முழுக்க ஒவ்வொரு பனிப்பூவும் தனித்தனியாக எரிந்தது. நான் கடைசி வெந்நீரைப் புதுக் கப்பில் ஊற்றி, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அதைப் பிடிக்க வைத்தேன். விரல்கள் மரக்குச்சி போல இருந்தன. ஆவி நூல் பிடித்தாற்போல் நேராக எழுந்தது.

"இப்ப குளிரலங்க," என்றாள். நாக்குக் குழறியது. "சூடா இருக்கு."

"அப்படியே இரு. ரொம்ப அழகா இருக்க."

அந்த வார்த்தையை நான் அவளிடம் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் படத்தில் இருக்கிறது.

அவள் இறந்த நாற்பத்தொன்பதாம் நாள் பூசை முடிந்ததும் அதை எங்கள் பக்கத்தில் போட்டேன். எத்தனையோ பேர் அழுதார்கள். இப்படி ஒரு கணம் தற்செயலாகக் கிடைத்ததே என்று எழுதினார்கள். தற்செயல் என்று எப்படிச் சொல்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. மிஹ்வாவின் தங்கை மட்டும் தொலைபேசியில் கூப்பிட்டாள். அழவில்லை. "அத்தான், அக்கா கோட்டு எங்க?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

அவள் இல்லாத வீடு எனக்குத் தாங்கவில்லை, ஐயா. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. சோறு பொங்கிச் சூட்டோடு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு உட்காருகிறேன். எதிரே யாரும் காத்திருக்கவில்லை. தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது. கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுகிறேன். அவளைப்போல எனக்காகப் பொறுத்துக்கொண்டவர்கள் உலகத்தில் வேறு யாரும் இல்லை. இதையெல்லாம் நீங்கள் நம்ப வேண்டும், ஏனென்றால் அடுத்து நான் சொல்லப்போவதையும் நம்ப வேண்டும்.

நான் எங்கள் ஊர் மலையேற்றச் சங்கத்தில் இருக்கிறேன். பனிக்காலம் தொடங்கும்போது புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஒரு வகுப்பு உண்டு. குளிரில் மாட்டிக்கொண்டவர் நடுங்கிக்கொண்டிருந்தால் பயப்படாதீர்கள், உடம்பு போராடிக்கொண்டிருக்கிறது. நடுக்கம் நின்று, நாக்குக் குழறி, குளிரவில்லை என்று சொன்னால் அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீர்கள், கையில் இருப்பதை எல்லாம் போட்டுவிட்டு அவரைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், இல்லாவிட்டால் ஆள் பிழைக்க மாட்டார். இதை நான் வரி பிசகாமல் சொல்கிறேன், ஏனென்றால் அந்த வகுப்பை எடுப்பது நான்தான். சென்ற டிசம்பரிலும் எடுத்தேன். மிஹ்வா எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

ஆகவே அவள் நடுக்கம் நின்றபோது அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். கூப்பிடு தூரத்தில் குடில் இருந்தது, இஞ்சித் தண்ணீர் இருந்தது, கோட்டு என் முதுகுப் பையில் இருந்தது. எல்லாம் தெரிந்துதான் பொத்தானை அழுத்தினேன். நான்தான் அவளைக் கொன்றேன், ஐயா. விபத்து என்பதை அடித்துவிட்டு அதை எழுதுங்கள்.

அதற்குப் பிறகும் ஒரு படம் எடுத்தேன். அதை நான் யாருக்கும் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன். கை தாழ்ந்து, கப் சாய்ந்து, ஆவியும் கலைந்துவிட்டது, படம் சரியாக அமையவில்லை.